புற்றெனத் தோன்றிப் புற்றல்லாதவை: நகக்கட்டிகளை இனங்கண்ட வரலாறு

புற்றுநோய்க்கு அரபு மருத்துவ நூல்கள் வழங்கிய பெயர் ‘ஸரதான்’. நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கரின் ‘கார்கினோஸ்’, இலத்தீனின் ‘கான்சர்’ ஆகிய சொற்களும் நண்டையே குறிப்பன. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருப்பதாலும், பற்றிய இடத்தை விடாத அதன் தன்மையாலும் இப்பெயர் அமைந்ததென நூலோர் விளக்குவர். தமிழ் மக்களோ கறையான் எழுப்பும் புற்றின் பெயரை அதற்கு இட்டனர். வெளியே சிறு மேடு. உள்ளே கண்ணுக்குப் புலப்படாத பல கிளை வழிகள். உவமைகள் வேறாயினும் இப்பெயர்கள் யாவும் கண்ணாற் கண்ட தோற்றத்திலிருந்தே பிறந்தவை. தோற்றத்தைக் கொண்டு நோய்க்குப் பெயரிட்ட மருத்துவம், அத்தோற்றம் ஏமாற்றவும் கூடும் என்பதை அறிந்து, அதற்கு மாற்று வழி காண நெடுங்காலம் பிடித்தது. அந்நெடிய வரலாற்றின் ஒரு பகுதியை, நகம் என்னும் சிற்றுறுப்பை முன்வைத்து ஈண்டு ஆராய முனைகிறோம்.

நகத்தின் அடியிலும் வேரிலும் அரிதாகச் சில கட்டிகள் தோன்றுவதுண்டு. அவற்றுட் பல எவ்விதத் தீங்கும் செய்யாதவை. எனினும் புற்றின் சாயலைக் கொண்டவை. மற்றும் சில, சாதாரண நகச்சுற்றைப் போலவோ, மருவைப் போலவோ, அடிபட்ட இரத்தக்கட்டைப் போலவோ தோன்றி, உண்மையில் புற்றாக இருப்பவை. முன்னதைப் பின்னதாகக் கொண்டால், வீணே ஒரு விரலை இழக்க நேரிடும். பின்னதை முன்னதாகக் கொண்டால், உயிரையே இழக்க நேரிடலாம். கட்டைவிரலை முற்றாக இழந்தவரின் கை, தன் செயலாற்றலில் 40 முதல் 50 விழுக்காடு வரை இழப்பதாக அறுவை மருத்துவர் கணிப்பர். கேளம்பாக்கத்தின் உப்பளங்களிலும், கோவளத்தின் கடற்கரையிலும், தாம்பரம் வரை விரிந்துள்ள புறநகரின் தையற்கூடங்களிலும் கட்டடப் பணிகளிலும் கையையே முதலாகக் கொண்டு வாழ்வோர்க்கு இக்கணக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

ஒத்தவையும் வேறுபடுபவையும்

நம் சட்டக்கலை வரலாற்றில் இரு வகை நூல்கள் உண்டு. ஒன்று, வெளித்தோற்றத்தில் வேறுபட்டு அடிப்படையில் ஒத்திருக்கும் பிரச்சினைகளைத் தொகுத்துக் காட்டுவது. ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸுயூத்தீ (வஃபாத்து ஹிஜ்ரி 911), ஹனஃபீ அறிஞர் இப்னு நுஜைம் (வஃபாத்து ஹிஜ்ரி 970) ஆகிய இருவருமே ‘அல்அஷ்பாஹ் வன்னளாஇர்’ என்னும் பெயரில் இத்தகு நூல்களை யாத்தனர். மற்றொன்று, ஒன்றுபோல் தோன்றும் இரு பிரச்சினைகளுக்கிடையே தீர்ப்பை மாற்றிவிடும் நுண்ணிய வேறுபாட்டைத் துலக்குவது. இதனை ‘ஃபுரூக்’ இலக்கியம் என்பர். மாலிகீ அறிஞர் அல்கராஃபீ (வஃபாத்து ஹிஜ்ரி 684) இத்துறையில் தலைசிறந்தவர். ஒப்புமையில் மயங்காது வேறுபாட்டைத் தேடுதல் என்னும் இவ்வறிவொழுக்கம் சட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அதே அரபு மொழியில் எழுதிய மருத்துவரும் இதனைக் கையாண்டனர்.

அபூபக்ர் அர்ராஸீ (கி.பி. 865–925) பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய நூல் உலகறிந்தது. காய்ச்சலும் கொப்புளமுமாக ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட இரு நோய்களை அவர் அருகருகே நிறுத்தி, எவ்வறிகுறி எதற்குரியது எனப் பிரித்துக் காட்டினார். இன்றைய மருத்துவம் ‘வேறுபடுத்தி அறிதல்’ என்று போற்றும் முறைக்கு அந்நூல் ஒரு முன்னோடி.

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ பெருநூலின் நான்காம் பாகத்தில் வீக்கங்களையும் கட்டிகளையும் விரித்துரைக்கிறார். இறுகிய கட்டி வேறு, ஸரதான் வேறு என்பதை அவர் வற்புறுத்துகிறார். அதே பாகத்தின் இறுதியில் முடி, தோல் ஆகியவற்றோடு நகத்தின் நோய்களும் இடம்பெறுகின்றன. எனினும், அன்றைய மருத்துவம் கிரேக்க அறிஞர் கேலனின் வழிநின்று, கரும்பித்தமே புற்றுக்குக் காரணம் எனக் கருதியது. உடலின் நான்கு சாறுகளைக் கொண்டு நோயை விளக்கிய அக்கோட்பாட்டில், கட்டியின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் தேவை எழவில்லை.

அறுவைக் கலையின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் அந்தலுஸியாவின் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கு ஒதுக்கினார். கருவிகளின் படங்களோடு அமைந்த அப்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பன்னெடுங்காலம் பயிலப்பட்டது. நகத்தையொட்டி மிகுந்து வளரும் சதையைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. மருந்தால் அடங்காவிடில் கத்தியும் சூட்டுக்கோலும் அங்கே துணைக்கு வருகின்றன. புற்றைப் பற்றி அவர் கூறுவது நம் சிந்தனைக்குரியது. முழுமையாக அறுத்தெடுக்கத்தக்க இடத்தில், சிறிதாகவும் தொடக்க நிலையிலும் இருந்தாலன்றி அதில் கை வைத்தல் ஆகாது என்கிறார் அவர். முற்றிப் பெருத்த புற்றைத் தாம் குணப்படுத்தியதில்லை என்றும், பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் ஒளிவு மறைவின்றி எழுதிவைத்தார்.

இவ்விரு குறிப்புகளையும் இணைத்து நோக்கினால் அன்றைய மருத்துவரின் இக்கட்டு புலப்படும். சிறிதாக இருக்கும்போதே புற்றை அகற்ற வேண்டும். ஆனால் சிறிதாக இருக்கும்போது அது புற்றா, வெறும் சதை வளர்ச்சியா என அறிய வழியில்லை. நகத்தையொட்டி வளரும் சதை என்று அவர்கள் ஒரே பெயரில் அழைத்தவற்றுள், உள்வளைந்த நகத்தால் உண்டான புண்சதையும் இருந்திருக்கும். எளிதில் குருதி கசியும் தீங்கற்ற நாளக்கட்டியும் இருந்திருக்கும். நிறமற்ற கொடும் புற்றும் இருந்திருக்கும். பிரித்தறியும் அறிவொழுக்கம் அவர்களிடம் இருந்தது. அதற்குரிய கருவி இல்லை.

கண்ணின் மூவகைப் பிழை

கருவி பிறப்பதற்கு முன்னரே, கண் எவ்வாறு பிழைபடுகிறது என்பதை ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம் (கி.பி. 965 – ஏறத்தாழ 1040). ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் அவரது ஒளியியல் நூல் ஏழு பாகங்களை உடையது. மூன்றாம் பாகம் பார்வையின் பிழைகளைப் பற்றியது. அவற்றை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். ஒளிக்குறைவு, தொலைவு முதலியவற்றால் புலனுணர்விலேயே நேரும் பிழை முதலாவது. புதிதாகக் காணும் ஒன்றை, முன்னர் அறிந்த ஒன்றாகவே அடையாளங் கொள்ளும் பிழை இரண்டாவது. கண்டதிலிருந்து தவறாக ஊகித்து முடிவுக்கு வரும் பிழை மூன்றாவது. மருத்துவ நூலாக எழுதப்படாத இப்பாகுபாடு, நகக்கட்டிகளைக் காண்பதில் நேரும் தவறுகளுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

முதற்பிழைக்கு நம் இல்லங்களிலேயே சான்றுண்டு. மருதாணியிட்ட நகத்தின் செம்மை, அதன் அடியிலுள்ள மெல்லிய கபில நிறக் கோட்டையோ சிவப்புக் கோட்டையோ மூடிவிடும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே வளர்வதால், அச்செம்மை முழுதும் நீங்கச் சுமார் ஆறு மாதங்கள் ஆகும். பெருநாளுக்குப் பெருநாள், திருமணத்துக்குத் திருமணம் மருதாணியிடும் கரங்களில் நகத்தின் இயல்பு நிறத்தை ஆண்டுக்கணக்கில் எவரும் காணாதிருத்தல் கூடும். நகப்பூச்சுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் பிழை, பழகிய நோயின் பெயரை இதற்கும் சூட்டுவது. நகம் தடித்து மஞ்சளித்தால் பூஞ்சைத் தொற்று என்கிறோம்; ஓரத்தில் சொரசொரப்பாகத் தடித்தால் மரு என்கிறோம்; சிவந்து கசிந்தால் நகச்சுற்று என்கிறோம். பெரும்பாலும் அவை அவ்வாறே இருக்கும். அதனாலேயே எஞ்சிய சில, கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜான் போவென் 1912 இல் விவரித்ததும், அவர் பெயராலேயே வழங்குவதுமான தோலின் மேலடுக்குப் புற்று, நகத்தைச் சுற்றித் தோன்றும்போது பல்லாண்டுகள் மரு என்றே மருத்துவம் பெறுவதுண்டு.

மூன்றாம் பிழை ஊகத்தின் பாற்பட்டது. ‘விரலில் அடிபட்டது; நகம் கறுத்தது; ஆகவே இது இரத்தக்கட்டு’ என்பதே அவ்வூகம். உடலுழைப்பு மிகுந்தோரின் விரலில் அடிபடாத வாரம் அரிது. எனவே எக்கறுப்புக்கும் ஒரு காரணம் எளிதிற் கிடைத்துவிடும். ஜமைக்காவின் புகழ்பெற்ற இசைவாணர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் தோன்றிய மாற்றம், முதலில் பந்தாட்டக் காயமெனவே கருதப்பட்டது. 1977 இல் அது மெலனோமா எனக் கண்டறியப்பட்டது. 1981 இல், தம் 36 ஆம் வயதில் அவர் அந்நோயால் மறைந்தார்.

இதே பிழைகள் எதிர்த்திசையிலும் நிகழும். நம்மைப் போன்ற கருநிறத்தாரிடம் பல நகங்களில் நெடுக்காகக் கபில நிறக் கோடுகள் தோன்றுதல் இயல்பு. வெண்ணிறத்தாரை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட பாடநூலோடு அவற்றை ஒப்பிட்டால், வீண் அச்சமே விளையும். எனவே, ஐயுறாமை ஆபத்து. எல்லாவற்றையும் ஐயுறுதலும் ஆபத்து.

நுண்ணோக்கி காட்டிய வழி

ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர் 1838 இல் கட்டிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவை உயிரணுக்களாலானவை எனக் காட்டினார். அவரிடம் பயின்ற ருடால்ஃப் விர்ச்சோ, 1858 இல் வெளியிட்ட நூலின் வாயிலாக நோய்க்கூற்றியலை உயிரணுவின் மீது நிலைநிறுத்தினார். கரும்பித்தக் கோட்பாடு விடைபெற்றது. கட்டியின் வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பளித்த மருத்துவம், அதன் ஒரு துணுக்கை எடுத்து உள்ளமைப்பைக் காணத் தலைப்பட்டது. திசுச்சோதனை என்றும் ‘பயாப்ஸி’ என்றும் நாம் வழங்குவது அதனையே.

நகத்தைப் பொறுத்தவரை இவ்வரலாற்றில் மறக்கவியலாத பெயர் ஆங்கிலேய மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன். அவர் 1886 இல் எழுதிய கட்டுரையில், நகச்சுற்றைப் போலத் தோன்றும் மெலனோமாவை விவரித்து, அது பெரும்பாலும் கறுப்பாக இருப்பதில்லை என எச்சரித்தார். நகத்தின் நிறம் அதனைச் சூழ்ந்த தோலிலும் படர்ந்திருத்தல் புற்றின் அடையாளம் என்பது இன்றும் அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது. ஆயின் அவ்வடையாளமும் முடிந்த முடிபன்று. நகத்தோலின் ஊடே அடியிலுள்ள நிறம் தெரிவதாலேயே படர்ந்தது போன்ற தோற்றம் உண்டாதல் உண்டு. அதனை ‘பொய் ஹட்சின்சன் குறி’ என்கின்றனர். குறிக்கும் ஒரு போலி உண்டு என்பதை மருத்துவம் ஏற்று எழுதிவைத்தது, ஃபுரூக் மரபைப் பயின்றோர்க்கு வியப்பளிக்காது.

தீங்கற்ற கட்டிகளும் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. எடின்பரோவின் வில்லியம் வுட் 1812 இல், தோலடியில் கடும் வலி தரும் சிறு முடிச்சொன்றை விவரித்தார். அது எதனாலானது என்பதை, நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து 1924 இல், பியர் மாஸோன் நுண்ணோக்கியின் துணையால் விளக்கினார். உடல் வெப்பத்தைச் சீராக்கும் நுண்ணிய நாளமுடிச்சிலிருந்து அது பிறப்பதால் ‘குளோமஸ்’ கட்டி எனப் பெயர் பெற்றது. கையில் அது தோன்றும் இடம் பெரும்பாலும் நகத்தடியே. குளிர்நீர் பட்டால் உயிர் போகும் வலி, ஊசிமுனையளவு இடத்தைத் தொட்டாலும் துடிக்கச் செய்யும் வலி, தானாகவே எழும் வலி ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஒளூச் செய்யும் நீரே வேதனையாகும் அளவுக்கு இவ்வலி முற்றுவதுண்டு. வெளியே ஏதும் தெரியாததால், இந்நோயாளரின் வலியைப் பிறர் நம்பாமற்போன காலமும் உண்டு. முழுமையாக அகற்றிய பின் வலி நீங்கிவிடும்.

நகத்தடி எலும்பிலிருந்து வெளிநோக்கி வளரும் கடினமான மேடு ஒன்றை ஃபிரெஞ்சு அறுவை மருத்துவர் துய்புய்த்ரேன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்தார். நகத்தைத் தூக்கி, சில வேளை புண்ணாக்கிக் காட்சியளிக்கும் அது, கண்ணுக்குப் புற்றென்றே படும். 1895 இல் ரோண்ட்கன் கண்டறிந்த ஊடுகதிர், அது எலும்பின் வளர்ச்சியே என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டது. அறுக்காமலே உள்ளே காணும் வாய்ப்பு அவ்வாறு பிறந்தது.

அண்மையில் பெயர் பெற்றவை

சில கட்டிகள் பெயர் பெறவே இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. ஃபிரெஞ்சு நக மருத்துவ அறிஞர் ராபர்ட் பாரான், பெல்ஜியத்தின் கின்ட் என்பாருடன் இணைந்து 1992 இல் மூன்று நோயாளரின் விவரங்களைக் கொண்டு ஒரு புதிய கட்டியை அறிவித்தார். நகவேரிலிருந்து தோன்றும் அதற்கு ‘ஆனிக்கோமேட்ரிக்கோமா’ என்பது பெயர். நகத்தின் ஒரு பகுதி மஞ்சளித்துத் தடிக்கும். குறுக்குவாட்டில் மிகையாக வளையும். சிறு இரத்தக் கீற்றுகள் தோன்றும். நகத்தின் நுனியை நேர் நோக்கினால், செல்லரித்த மரம்போல் நுண்துளைகள் தென்படும். நகத்தைப் பெயர்த்தெடுத்தால், கையுறையிலிருந்து விரல்கள் கழல்வது போன்று அத்துளைகளிலிருந்து மெல்லிய சதைவிரல்கள் கழன்று வெளிப்படும். பூஞ்சைத் தொற்றெனப் பல்லாண்டுகள் மருந்துண்டோர் பலர். புற்றென அஞ்சியோரும் உளர். உண்மையில் அது தீங்கற்றது.

அதே பாரான், பெர்ரான் என்பாருடன் சேர்ந்து 1995 இல் விவரித்து, 2000 ஆம் ஆண்டில் தெளிவாக வரையறுத்த மற்றொன்று ‘ஆனிக்கோபாப்பிலோமா’. நகத்தின் அடிப்பிறையிலிருந்து நுனி வரை நீளும் மெல்லிய ஒற்றைச் சிவப்புக் கோடு அதன் அடையாளம். அதனூடே கருஞ்சிவப்பு இழைகள் காணப்படும். நுனியில், நகத்தடியில் ஒரு சிறு கடின முளை இருக்கும். துணியின் நூல் அதில் சிக்குவதாலேயே பலர் அதனைக் கவனிக்கின்றனர். தனித்த சிவப்புக் கோடு சில வேளை போவெனின் நோயாகவோ நிறமற்ற மெலனோமாவாகவோ இருக்கக்கூடும் என்பதே இங்குள்ள இக்கட்டு. 2000 ஆம் ஆண்டின் அக்கட்டுரை ஆனிக்கோபாப்பிலோமாவையும் போவெனின் நோயையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்து ஆராய்ந்தது தற்செயலன்று.

இவ்வரலாறு இன்னும் முடியவில்லை. 2024 இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள், ‘பாப்-1’ என்னும் மரபணுவில் பிறவிக் குறையுள்ளோரிடம் பல நகங்களில் ஆனிக்கோபாப்பிலோமா மிகுதியாகத் தோன்றுவதை அறிவித்தனர். அம்மரபணுக் குறை கண், தோல், சிறுநீரகம், நுரையீரல் உறை ஆகியவற்றில் புற்று தோன்றும் வாய்ப்பை மிகுவிப்பது. ஆக, ஒரு நகத்தில் மட்டும் தோன்றினால் பொருட்படுத்தத் தேவையற்ற கட்டி, பல நகங்களில் தோன்றினால் குடும்பத்தின் நோய் வரலாற்றைக் கேட்கத் தூண்டும் அறிவிப்பாகிறது. பொருள் ஒன்றே, எண்ணிக்கை தீர்ப்பை மாற்றுகிறது.

நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். நகத்தடியில் விரைந்து வளர்ந்து, வலி தந்து, எலும்பையும் அரிக்கும் ‘கெரட்டோஅகாந்தோமா’ என்னும் கட்டியைச் செதிள் அணுப் புற்றிலிருந்து பிரித்தறிவது, தேர்ந்த நோய்க்கூற்று வல்லுநர்க்கும் கடினம். சிறு துணுக்கு போதாது. கட்டியின் அமைப்பு முழுதும் தெரிய வேண்டும். எத்தனை வாரங்களில் வளர்ந்தது என்னும் செய்தியும், ஊடுகதிர்ப் படமும் உடன் வேண்டும். நோயாளரைக் கண்ட மருத்துவரும், திசுவைக் கண்ட வல்லுநரும் கலந்தாலோசிக்காத இடத்தில் இச்சிக்கல் தீராது.

நம் வட்டாரத்தில்

தமிழகத்தில் நகத்தைக் கண்டு நோயறியும் வழக்கம் புதிதன்று. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில், நிறத்தைக் காணும்போது நகமும் உட்படும். யூனானி ஹகீம்களும் நகத்தைக் கூர்ந்து நோக்கியவர்களே. சென்னை மாகாண அரசு 1921 இல், நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முஹம்மது உஸ்மான் அவர்களின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் ஆராய்ந்த அக்குழு 1923 இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் தோன்றிய இந்திய மருத்துவப் பள்ளியில், மரபு மருத்துவத்தோடு உடற்கூறு முதலிய புதிய துறைகளும் கற்பிக்கப்பட்டன. பழைய அறிவொழுக்கமும் புதிய கருவியும் ஒருங்கே அமைய வேண்டும் என்னும் அந்நோக்கு, நம் பொருளுக்கும் உரியது.

தென்சென்னைப் புறநகர் இம்மூன்று மரபுகளையும் அறிந்த நிலம். 1928 இல் டேவிட் சவுரிமுத்து காசநோயாளர்க்காகத் தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வகத்தின் பெயரிலேயே தாம்பரம் சானடோரியம் வழங்குகிறது. அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. வடக்கே அடையாற்றில், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் உள்ளது. கேளம்பாக்கத்திலேயே, 2008 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற செட்டிநாடு ஆராய்ச்சி மற்றும் கல்விக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. உப்பளமும் மீன்பிடியும் உழவுமாக இருந்த இவ்வூருக்கு அருகே, தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் எனப் போற்றப்படும் கோவளம் தர்காவுக்கு நலம் வேண்டி வருவோர் நெடுங்காலமாகவே மிகுதி. இன்று தோல் மருத்துவர், கதிர்ப்படம், நோய்க்கூற்றுத் துறை ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்த மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளது. நகக்கட்டியை அறிவதற்கு இம்மூன்றும் சேர்ந்தே தேவை.

இன்று அதனை அறியும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் கேள்வி: எத்தனை காலமாக உள்ளது, ஒரு நகத்திலா பல நகங்களிலா, வளர்கிறதா, குளிரில் வலிக்கிறதா, குடும்பத்தில் எவர்க்கேனும் மெலனோமா உண்டா? அடுத்து, தோலின் மேற்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் ‘டெர்மாஸ்கோப்’ என்னும் கையடக்கக் கருவியால் நகத்தட்டையும் அதன் நுனியையும் காணுதல். நுனியில் தெரியும் துளைகளோ முளையோ மேற்கூறிய இரு கட்டிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். எலும்பைக் காண ஊடுகதிர்ப் படம். குளோமஸ் கட்டியைக் காண மீயொலி அல்லது காந்தப் புலப் படம். நகத்தின் நுனியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாலே பூஞ்சையா அன்றா என்பது தெளிவாகும். இரத்தக்கட்டெனக் கருதினால், கறையின் பின்விளிம்புக்கு நேரே நகத்தில் ஒரு சிறு கீறலிட்டு, நிழற்படமெடுத்துச் சில வாரங்கள் கவனிப்பர். உறைந்த இரத்தமாயின், நகம் வளர வளரக் கீறலும் கறையும் சேர்ந்தே நுனியை நோக்கி நகரும். கீறல் மட்டும் நகர்ந்து கறை வேரிலேயே தங்கிவிட்டால், அது இரத்தமன்று.

இவற்றாலும் ஐயம் தீராதபோது திசுச்சோதனை தவிர வேறு வழியில்லை. விரலை மட்டும் மரக்கச் செய்து, நகத்தைத் தூக்கி, அடியிலுள்ளதைச் சிறிது எடுப்பர். இயலுமாயின் கட்டி முழுவதையுமே அகற்றுவர். நகவேரில் கத்தி படுவதால் நகம் நிரந்தரமாகப் பிளந்து வளரக்கூடும் என்னும் அச்சம் நோயாளர்க்கு உண்டு, மருத்துவர்க்கும் உண்டு. 3 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், வேரின் முன்பகுதியிலிருந்து எடுத்தால் வடு பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஒரு கோடிட்ட நகமா, ஒரு விரலா, ஓர் உயிரா என்னும் நிலையில் எது பெரிதென்பதை விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்டால் புற்று பரவும் என்று நம்மிடையே வழங்கும் அச்சத்தால் சோதனையை மறுப்போர் பலர். முறையாகச் செய்யும் திசுச்சோதனை நோயைப் பரப்புவதன்று. காலந்தாழ்த்துதலே அதற்கு இடங்கொடுக்கிறது.

புற்றெனவே தெரியவந்தாலும் விரல் போய்விட்டதென முடிவு கட்ட வேண்டியதில்லை. முற்காலத்தில் நகமெலனோமாவுக்கு விரலையும், சில வேளை உள்ளங்கை எலும்பின் பகுதியையும் வெட்டியெடுத்தனர். இன்று மேலடுக்கைத் தாண்டாத தொடக்க நிலையில் நக அமைப்பை மட்டும் அகற்றி, அவ்விடத்தைத் தோலொட்டால் மூடி விரலைக் காப்பாற்றுவர். சிறிதாக இருக்கும்போதே அகற்றுக என்று அஸ்ஸஹ்ராவீ கூறியது, சிறிதாக இருக்கும்போதே இனங்காணும் கருவி கிட்டிய பின்னரே முழுப்பயன் தந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

நகம் களைதல் இயற்கை நெறியான ‘ஃபித்ரா’வின் செயல்களுள் ஒன்றென ஹதீஸ்கள் எண்ணுகின்றன. அதனை நாற்பது நாள்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாதெனக் கால எல்லையும் வகுக்கப்பட்டுள்ளது. நகம் களையும் நேரத்தில் நகங்களைச் சற்று ஒளியில் நோக்குதலும் சேர்ந்தால், எவ்விதச் செலவுமற்ற ஒரு சோதனை வீடுதோறும் நிகழ்ந்துவிடும். கால்நகங்களைத் தாமே காணவியலாத முதியோர்க்கு மக்களும் பேரரும் இதனைச் செய்யலாம். ஆண்டில் ஒரு முறையேனும், மருதாணிக் கறை முழுதும் நீங்கிய நகங்களைக் காண்பது நன்று.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை இவை: வளர்ந்தவர்க்கு ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கரிய கோடு, நகத்தைச் சூழ்ந்த தோலில் படரும் கறுப்பு, ஒற்றைச் சிவப்புக் கோடு, சில மாத மருத்துவத்துக்கும் அடங்காத மரு அல்லது நகச்சுற்று, அடிபடாமலே தோன்றி நகராத கறை, குளிரில் துடிக்கச் செய்யும் வலி. கட்டைவிரலும் கால் பெருவிரலும் தனிக் கவனத்துக்குரியவை. இவற்றைக் காட்டச் செல்வோருட் பெரும்பாலோர், தீங்கில்லை என்னும் சொல்லோடு திரும்பி வருவர். அச்சொல்லைக் கேட்பதற்காகவேனும் செல்லத்தான் வேண்டும்.

கட்டுப்போட்ட விரலுடன் ஒளூச் செய்வது எங்ஙனம் என்னும் தயக்கத்தால் சிகிச்சையை ஒத்திப்போடுவோரும் உண்டு. கட்டின் மீது மஸஹ் செய்வது பற்றிய சட்டங்களை ஃபிக்ஹு நூல்கள் ‘ஜபீரா’ என்னும் தலைப்பில் விரிவாகப் பேசியுள்ளன. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே விவரங்களில் வேறுபாடு இருப்பதால், அவரவர் ஆலிம்களிடம் கேட்டறிதல் தகும். மார்க்கம் வழிவகுத்துள்ள ஒன்றைத் தடையெனக் கருதிக் காலம் கடத்துதல் ஆகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒத்தவற்றை வேறுபடுத்திக் காணுக என மருத்துவரும் சட்ட அறிஞரும் ஒரே மொழியில் கற்பித்தனர். கண்ணின் பிழைகளை எண்ணி வகுத்தார் இப்னுல் ஹைதம். தம்மால் இயலாததை இயலவில்லை என எழுதிவைத்தார் அஸ்ஸஹ்ராவீ. இவர்களை நினைந்து பெருமிதம் கொள்வோர் நம்மிடையே பலர். அவர்கள் தேடிய கருவி இன்று கேளம்பாக்கத்தின் சாலையோரத்திலேயே இருக்க, விரலிலுள்ள ஐயத்தை மருதாணியால் மூடிவைத்திருப்பது அவர்கள் காட்டிய வழியன்று.